இயக்க விதிகளை வகுப்பில் காட்ட எது சரி: கேரம் பலகையா, சாய்தளமா, கப்பியா, கைப்பேசியா?

தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தின் பதினொன்றாம் வகுப்பு இயற்பியல் செய்முறைப் பட்டியலை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். தனி ஊசல் உண்டு, சுருள்வில் உண்டு, சோனாமீட்டர் உண்டு. நியூட்டனின் குளிர்வு விதிக்குக்கூட ஒரு சோதனை உண்டு. ஆனால் அவர் பெயரைச் சொன்னதும் எல்லோருக்கும் நினைவுக்கு வரும் மூன்று இயக்க விதிகளுக்கு நேரடியாக ஒரு சோதனையும் இல்லை. அதனால் பல பள்ளிகளில் 'விசை = நிறை × முடுக்கம்' என்பது பலகையில் எழுதப்படுகிறது, கணக்காகப் போடப்படுகிறது, அதோடு முடிந்துவிடுகிறது. விதியைக் கண்ணால் பார்த்த பிள்ளை குறைவு.

ஒரு பீரியட் கிடைக்கிறது, சில நூறு ரூபாய் செலவழிக்கலாம் என்று வைத்துக்கொள்வோம். எதைச் செய்து காட்டுவது? என்னிடம் இதைக் கேட்கும் இளம் ஆசிரியர்களுக்கும், வீட்டிலேயே செய்து பார்க்க நினைக்கும் மாணவர்களுக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன். ஒவ்வொன்றையும் பலமுறை செய்து பார்த்திருக்கிறேன். எல்லாமே ஏதோ ஒன்றைக் காட்டுகின்றன, ஏதோ ஒன்றை மறைக்கின்றன. எதை மறைக்கிறது என்பது தெரியாமல் தேர்ந்தெடுத்தால், காட்ட வந்ததற்கு நேர் எதிரானதை மாணவர் கற்றுக்கொண்டு போவார்.

முதலில், மாணவர் மனத்தில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். என் அனுபவத்தில் இரண்டு நம்பிக்கைகள் ஆழமாக வேரூன்றி இருக்கின்றன. ஒன்று, ஓடுகிற பொருளுக்குள் ஒரு விசை இருந்துகொண்டே இருக்கிறது, அது தீர்ந்ததும் பொருள் நின்றுவிடுகிறது என்பது. மற்றொன்று, பெரியது சிறியதை அதிகமாகத் தள்ளும் என்பது. லாரியும் ஸ்கூட்டரும் மோதினால் எதன் மீது அதிக விசை என்று கேளுங்கள். கணக்கில் முழு மதிப்பெண் வாங்கும் பிள்ளையும் "ஸ்கூட்டர் மேலதான் சார்" என்று தயங்காமல் சொல்லும். இது நம் ஊரில் மட்டும் உள்ள சங்கதி இல்லை. 1992இல் அமெரிக்காவில் ஹெஸ்டனஸ், வெல்ஸ், ஸ்வாக்ஹாமர் ஆகிய இயற்பியல் ஆசிரியர்கள் இந்த நம்பிக்கைகளைச் சோதிப்பதற்கென்றே, கணக்கே இல்லாத ஒரு வினாத்தொகுப்பை வெளியிட்டார்கள். வழக்கமான கணக்குகளில் தேறியவர்கள் பலர் அதில் தடுமாறினார்கள்.

ஆகவே ஒரு சோதனையை நான் மூன்று கேள்விகளால் அளக்கிறேன். இந்த இரண்டு நம்பிக்கைகளில் ஒன்றையாவது அது அசைக்கிறதா? விசையைத் தனியாகவும் நிறையைத் தனியாகவும் மாற்ற முடிகிறதா? மாணவர் கையாலேயே எண் கிடைக்கிறதா? எவ்வளவு பளபளப்பாக இருக்கிறது என்பதை நான் கணக்கில் எடுப்பதே இல்லை.

கேரம் பலகை

செலவே இல்லை. அடுக்கி வைத்த காய்களில் அடிக்காயை மட்டும் ஸ்ட்ரைக்கரால் தட்டி வெளியேற்றுவது எல்லோரும் செய்யும் நிலைமச் சோதனை (நிற்கும் பொருள் நின்றபடியே இருக்க முனைவதுதான் நிலைமம்). ஒரு நிமிடத்தில் செய்துவிட்டு நகரலாம். கேரம் பலகையில் அதைவிடப் பெரிய பாடம் இருக்கிறது.

ஸ்ட்ரைக்கரின் நிறை ஏறத்தாழ 15 கிராம், காயின் நிறை ஏறத்தாழ 5 கிராம். பவுடர் தூவிய பலகையில், நின்றிருக்கும் காயை நேராக நடுவில் அடியுங்கள். ஸ்ட்ரைக்கர் நிற்காது. ஏறத்தாழ பாதி வேகத்தில் தொடர்ந்து போகும். காயோ ஸ்ட்ரைக்கர் வந்த வேகத்தைப் போல் ஒன்றரை மடங்கு வேகத்தில் பறக்கும். ஸ்ட்ரைக்கர் இழந்தது அரைப் பங்கு, காய் பெற்றது ஒன்றரைப் பங்கு. வேக மாற்றத்தில் மூன்று மடங்கு வித்தியாசம், நிறையிலும் மூன்று மடங்கு வித்தியாசம், ஆனால் தலைகீழாக. இரண்டின் மீதும் ஒரே அளவு விசை ஒரே அளவு நேரம் செயல்பட்டிருந்தால்தான் இப்படி வரும். லாரி - ஸ்கூட்டர் கேள்விக்கு இதுதான் பதில். விசை சமம், விளைவு சமமில்லை. சிறியது அதிகம் ஆட்டம் காண்பதைப் பார்த்துத்தான் அதன் மீது அதிக விசை விழுந்தது என்று மனம் முடிவு கட்டிவிடுகிறது.

மோதல் முழு மீள்தன்மையோடு இல்லாமல், அதாவது மோதலில் கொஞ்சம் ஆற்றல் வீணாகி, ஸ்ட்ரைக்கரின் வேகம் பாதிக்குச் சற்று மேலேயும் காயின் வேகம் ஒன்றரைக்குச் சற்றுக் கீழேயும் வந்தாலும், அந்த மூன்று மடங்கு விகிதம் மாறாது. தராசே இல்லாமல் இரண்டு பொருள்களின் நிறை விகிதத்தைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று வகுப்பில் சொல்லிப் பாருங்கள். 19ஆம் நூற்றாண்டில் ஆஸ்திரிய இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் மாக் நிறை என்ற சொல்லுக்கே இந்த வழியில்தான் பொருள் சொல்ல முயன்றார்.

இதன் குறை, எண் எடுப்பது கடினம். எல்லாம் அரை நொடிக்குள் முடிந்துவிடும். மோதல் நேரத்து விசை எவ்வளவு என்று எவரும் பார்க்கவில்லை, ஊகிக்கத்தான் முடிகிறது. ஒவ்வொரு விசைக்கும் சமமான எதிர்விசை உண்டு என்ற மூன்றாம் விதிக்கு இது முதல் தரம். 'விசை = நிறை × முடுக்கம்' என்ற இரண்டாம் விதியின் அளவுக் கணக்குக்குப் போதாது.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட்டுப் போகிறேன். 1687இல் வெளிவந்த 'பிரின்சிபியா' என்ற தம் நூலில் நியூட்டன் இரண்டாம் விதியை நம் பாடநூல் சமன்பாடாக எழுதவில்லை. செலுத்தப்பட்ட விசைக்கு ஏற்ப இயக்கம் மாறும் என்றுதான் எழுதினார். அவர் 'இயக்கம்' என்றது நாம் உந்தம் (நிறை × திசைவேகம்) என்று சொல்வதை. விசை நிறை முடுக்கம் என்ற வடிவத்தை எல்லாப் பொருள்களுக்கும் பொதுவான அடிப்படையாக 1750இல் முன்வைத்தவர் சுவிஸ் கணிதவியலாளர் ஆய்லர். நியூட்டனின் வாசகத்துக்குக் கேரம் காயைச் சுண்டுவது நெருக்கம், ஆய்லரின் வடிவத்துக்கு அடுத்து வரும் கப்பி நெருக்கம். இரண்டையும் காட்டினால், உந்த மாற்றமும் முடுக்கமும் ஒரே விதியின் இரண்டு முகங்கள் என்று பாடநூலில் வரும்போது மாணவருக்கு அது வெறும் வாய்பாடாக இருக்காது.

சாய்தளம்

கலிலியோவின் வழி. 12 முழ நீளமுள்ள மரச் சட்டத்தில் பள்ளம் வெட்டி, உள்ளே வழவழப்பான தோல் ஒட்டி, வெண்கலக் குண்டை உருட்டினார். ஒழுகும் தண்ணீரை நிறுத்து நேரத்தை அளந்தார். 1638இல் வந்த நூலில் இதை விவரித்திருக்கிறார். நமக்கு இரண்டு மீட்டர் அலுமினிய சேனலும் கோலிக்குண்டும் கைப்பேசி ஸ்டாப்வாட்ச்சும் போதும். ஒரு முனையை 5 சென்டிமீட்டர் தூக்கி வைத்தால் குண்டு இறங்க நான்கைந்து நொடி ஆகும். கால்பங்கு தூரத்துக்கு ஆகும் நேரம் முழுத் தூரத்துக்கு ஆகும் நேரத்தில் பாதி என்பது எந்த மாணவருக்கும் கிடைத்துவிடும். சீரான முடுக்கம் என்றால் என்ன என்று காட்ட இதைவிட அழகான சோதனை எனக்குத் தெரியாது.

ஆனால் இயக்க விதிக்கு இதைத் தேர்ந்தெடுக்காதீர்கள். காரணம் இரண்டு.

குண்டு வழுக்கவில்லை, உருள்கிறது. விசையில் ஒரு பகுதி அதைச் சுழற்றப் போய்விடுகிறது. பாடநூல் சூத்திரப்படி மேற்சொன்ன சாய்வில் முடுக்கம் 0.245 மீ/வி² வர வேண்டும். தட்டையான சாய்பரப்பில் உருளும் திண்ம உருண்டைக்கு அதில் ஏழில் ஐந்து பங்கு, அதாவது 0.175தான் வரும். சேனலின் இரு விளிம்பில் உட்கார்ந்து உருண்டால் இன்னும் குறையும். "உராய்வுதான் காரணம்" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லி ஆசிரியர் தப்பித்துக்கொண்டால் அது பொய்யாகிவிடும். உண்மையைச் சொல்ல வேண்டுமானால் நிலைமத் திருப்புத்திறன் (ஒரு பொருள் சுழற்சி மாற்றத்தை எதிர்க்கும் அளவு) பாடத்தை முன்கூட்டியே நடத்த வேண்டும்.

இரண்டாவது காரணம்தான் பெரியது. கண்ணாடிக் குண்டையும் இரும்புக் குண்டையும் உருட்டினால் இரண்டும் சேர்ந்தே வந்து சேரும். நிறையைக் கூட்டும்போது புவியீர்ப்பு விசையும் அதே அளவு கூடிவிடுகிறது, முடுக்கம் மாறுவதில்லை. ஒருமுறை இதைச் செய்தபோது பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி கேட்டாள்: "நிறை கூடினா முடுக்கம் குறையும்னு இப்பதானே சார் சொன்னீங்க?" கேள்வி நியாயமானது. அந்தக் கருவியில் அவளுக்குப் பதில் இல்லை. விசையை மாற்றாமல் நிறையை மட்டும் மாற்றச் சாய்தளத்தால் முடியாது.

கப்பி

முடியக்கூடியது கப்பி. கேம்பிரிட்ஜ் ஆசிரியர் ஜார்ஜ் அட்வுட் 1784இல் தம் நூலில் விவரித்த பொறி இது. கப்பியின் இரு பக்கமும் சம நிறையைத் தொங்கவிட்டு, ஒரு பக்கம் கொஞ்சம் கூட்டினால் அந்தப் பக்கம் மெதுவாக இறங்கும். சும்மா விட்டால் ஒன்றரை மீட்டரை அரை நொடியில் கடக்கும் பொருளை மூன்று நான்கு நொடிக்கு இழுத்தடிக்கிறோம். அதனால் சாதாரண ஸ்டாப்வாட்ச்சே போதும்.

இதில் என்னைக் கவர்வது வாஷர் வித்தை. இரண்டு சிறு பிளாஸ்டிக் டப்பாக்கள், ஒவ்வொன்றும் வாஷர்களோடு சேர்த்து 250 கிராம். ஒரு டப்பாவிலிருந்து 5 கிராம் வாஷர் ஒன்றை எடுத்து மற்றதில் போடுங்கள். மொத்த நிறை 500 கிராம் அப்படியே இருக்கிறது, வித்தியாசம் மட்டும் 10 கிராம் ஆகிறது. இன்னொன்றை மாற்றினால் 20, அப்புறம் 30, 40. நிறை அசையாமல் விசை மட்டும் படிப்படியாக ஏறுகிறது. முடுக்கம் முறையே 0.196, 0.392, 0.588, 0.784 மீ/வி² வர வேண்டும். ஒன்றரை மீட்டர் இறங்க 3.9, 2.8, 2.3, 2.0 நொடி.

அடுத்து, வித்தியாசத்தை 20 கிராமிலேயே வைத்துக்கொண்டு இரு பக்கமும் சமமாகக் கூட்டி மொத்த நிறையை 1000 கிராம் ஆக்குங்கள். நேரம் மறுபடி 3.9 நொடிக்குத் திரும்பும். முதலில் பாதி விசைக்குக் கிடைத்த அதே எண் இப்போது இரட்டிப்பு நிறைக்குக் கிடைக்கிறது. மாணவர்கள் தங்கள் நோட்டில் அந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் பார்க்கும்போது வகுப்பில் ஒரு அமைதி வரும். அந்த அமைதிக்காகவே இந்தச் சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்கிறேன்.

நிகர விசை இல்லாவிட்டால் ஓடும் பொருள் அதே வேகத்தில் ஓடிக்கொண்டே இருக்கும் என்ற முதல் விதிக்கும் இதே கருவி உதவும். அட்வுட் தம் பொறியில், டப்பா இறங்கும் பாதையில் ஒரு வளையம் வைத்திருந்தார். கூடுதல் நிறையை நீளமான பட்டையாகச் செய்து டப்பாவின் மேல் குறுக்கே வைக்க வேண்டும். டப்பா வளையத்துக்குள் நுழைந்து கீழே போய்விடும், பட்டை வளையத்தின் மேல் தங்கிவிடும். அந்த நொடியிலிருந்து இரு பக்கமும் சமம், நிகர விசை சுழி. டப்பா நிற்கும் என்று பாதி வகுப்பு கை தூக்கும். அது நிற்காது. அதுவரை ஏறிக்கொண்டே வந்த வேகம் ஏறுவதை நிறுத்திக்கொள்ள, கிடைத்த வேகத்திலேயே போய்க்கொண்டிருக்கும். இருபுறமும் 240 கிராம், பட்டை 20 கிராம், அரை மீட்டர் இறங்கியதும் பட்டை கழன்றால், அடுத்த 60 சென்டிமீட்டரை ஏறத்தாழ ஒரு நொடியில் கடக்கும். ஓடுவதற்கு விசை வேண்டும் என்ற நம்பிக்கையை இவ்வளவு நேரடியாக மறுக்கும் வேறொரு எளிய கருவியை நான் கண்டதில்லை.

குறைகள் இல்லாமல் இல்லை. கப்பியின் உராய்வு 4 கிராமுக்குச் சமம் என்று வைத்துக்கொண்டால், 10 கிராம் வித்தியாசத்தில் 40 சதவீதம் அதிலேயே போய்விடும். அதனால் தொடங்குமுன் இறங்கும் பக்கத்தில் சிறு கம்பித் துண்டுகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து, லேசாகத் தட்டிவிட்டால் டப்பா சீரான வேகத்தில் இறங்கும் நிலைக்குக் கொண்டுவர வேண்டும். கம்பித் துண்டுகள் உராய்வைச் சரிக்கட்டிவிட்டன. அவற்றை அப்படியே விட்டுவிட்டு மேலே கூட்டுவதை மட்டும் கணக்கில் எடுக்கலாம். இந்தச் சரிக்கட்டலும் முதல் விதிதான் என்று மாணவரிடம் சொல்ல மறக்காதீர்கள்.

கிணற்று ராட்டினம் வேண்டாம், உராய்வு மிக அதிகம். சைக்கிள் சக்கரம் நன்றாகச் சுழலும், ஆனால் விளிம்பின் நிறை தொங்கும் டப்பாக்களின் நிறையைவிடவே அதிகம். அதைச் சுழற்றுவதிலேயே விசையில் பெரும்பங்கு போய்விடும். 50 கிராமுக்குள் இருக்கும், பேரிங் வைத்த சிறு கப்பி நல்லது. அது கூட்டும் பிழை 5 சதவீத அளவிலேயே நிற்கும்.

கப்பி எதை மறைக்கிறது? கயிற்றின் இழுவிசையை. 250 கிராம் தொங்கினால் கயிற்றில் அந்த எடைதான் இருக்கும் என்று மாணவர் எழுதிவிடுவார். டப்பா முடுக்கத்தோடு இறங்கும்போது இழுவிசை அதன் எடையைவிடக் குறைவு, ஏறும் டப்பாவின் எடையைவிட அதிகம். இரண்டுக்கும் இடையில் இல்லாவிட்டால் ஒன்று இறங்கவும் முடியாது, மற்றது ஏறவும் முடியாது. ஒரு பொருளின் மீதுள்ள விசைகளை மட்டும் அம்புகளாகக் காட்டும் தனித்த பொருள் விசைப்படத்தை இரு டப்பாக்களுக்கும் தனித்தனியாக வரையச் சொன்னால்தான் இது வெளியே வரும். சோதனை முடிந்ததும் அதே நாளில் வரையச் சொல்லுங்கள், தள்ளிப்போடாதீர்கள்.

கைப்பேசி

ஜெர்மனியின் ஆஹன் நகரத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2016இல் வெளியிட்ட ஃபைஃபாக்ஸ் செயலி இலவசம். கைப்பேசிக்குள் இருக்கும் முடுக்கமானியை அது திறந்து காட்டுகிறது. கைப்பேசியைப் பொம்மைக் காரில் கட்டி, மேசை விளிம்பு வழியாக 20 கிராமைத் தொங்கவிட்டு இழுத்தால் முடுக்கத்தின் வரைபடம் திரையில் ஓடும். காரும் கைப்பேசியும் தொங்கும் நிறையும் சேர்ந்து 500 கிராம் என்றால் 0.39 மீ/வி² வர வேண்டும்.

கேட்க நன்றாக இருக்கிறது. செய்தால் சக்கர அதிர்வில் வரைபடம் முள்முள்ளாக எழும்பி, தேடுகிற எண் அதற்குள் மூழ்கிவிடும். கைப்பேசி காரின் மேல் ஒரு பாகை சாய்ந்து உட்கார்ந்தாலே, அதைத் தாங்கும் விசையின் பங்காக 0.17 உள்ளே நுழைந்துவிடும். அது தேடுகிற எண்ணில் ஏறத்தாழ பாதி. போதாததற்கு, அசையாமல் வைத்தாலும் சுழியிலிருந்து சற்று விலகியே காட்டும் கைப்பேசிகள் நிறைய. சராசரி எடுத்து, ஓய்வு நிலை அளவீட்டைக் கழித்துச் சரிசெய்யலாம்தான். ஆனால் முதல்முறை பார்க்கும் பதினாறு வயதுப் பிள்ளைக்கு அந்தக் கழித்தல்களுக்கு நடுவில் விதி காணாமல் போய்விடும். கல்லூரி முதலாண்டுக்கு நல்ல பயிற்சி. பள்ளிக்கு இதை முதன்மைச் சோதனையாக நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இருந்தும் கைப்பேசியால் மட்டுமே முடிகிற ஒன்று உண்டு. மேசையில் சும்மா கிடக்கும்போது முடுக்கமானி 9.8 காட்டும். தலையணை மேல் விழட்டும் என்று மேலிருந்து விட்டால், விழும் நேரம் முழுக்க ஏறத்தாழ சுழி காட்டும். வகுப்பு குழம்பும். கிடக்கும்போது முடுக்கமே இல்லை, விழும்போதுதானே இருக்கிறது? அந்த உணரி புவியீர்ப்பை அறியாது. மேசை தன்னைத் தாங்கித் தள்ளுவதை மட்டும்தான் அறியும். செங்குத்து விசை என்று நாம் பலகையில் ஓர் அம்பாக மட்டும் வரைந்து வந்தது அப்போது எண்ணாகத் தெரிகிறது. லிஃப்ட் கணக்குகளை நடத்தும் நாளில் இதைச் செய்யுங்கள்.

காற்றின் மேல் வண்டியை மிதக்கவிட்டு உராய்வைக் குறைக்கும் காற்று மெத்தைத் தண்டவாளம் எல்லாவற்றையும்விடத் துல்லியமானது. அதன் விலை பள்ளிகளுக்கு எட்டாது என்பதால் அதை விட்டுவிடுகிறேன். கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் போன்ற கணினி மாதிரிகள் இலவசம், உராய்வைச் சுழியாக்கிப் பார்க்க வசதியானவை. ஆனால் அங்கே விதி ஏற்கெனவே எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. மாணவர் இயற்கையிடம் கேட்கவில்லை, நிரலிடம் கேட்கிறார். கையால் செய்து முடித்த பிறகு மீள்பார்வைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

என் தேர்வு

ஒரே ஒரு பீரியட்தான் என்றால் கப்பி. இரண்டு கிடைத்தால் முதல் பீரியடில் கேரம், இரண்டாவதில் கப்பி. விசை எப்போதும் இரண்டு பொருள்களுக்கு இடையில் நடப்பது என்பதைக் கேரம் முதலில் பதியவைத்துவிட்டால், கப்பியில் எந்த விசை எதன் மீது என்று கேட்பது எளிதாகிறது. சாய்தளம் இயக்கவியல் பாடத்துக்கு உரியது, விதிகளுக்கு முன்பே அதை முடித்துவிடலாம். பத்தாம் வகுப்புக்கு என்றால் என் தேர்வு வேறு. அங்கே கப்பிக் கணக்கு சுமையாகிவிடும், கேரமும் இரண்டு சுருள்வில் தராசுகளும் போதும். கொக்கிகளை ஒன்றோடொன்று மாட்டி, வகுப்பிலேயே உயரமான பிள்ளையையும் சிறிய பிள்ளையையும் இரு பக்கமும் இழுக்கச் சொல்லுங்கள். எவர் எவ்வளவு முயன்றாலும் இரண்டு தராசும் ஒரே அளவைத்தான் காட்டும்.

அப்போது அந்தக் கேள்வி கட்டாயம் வரும்: "மாடு வண்டியை இழுக்கிற அளவுக்கு வண்டியும் மாட்டை இழுத்தா, வண்டி எப்படி சார் நகரும்?" நியூட்டனே மூன்றாம் விதிக்கு அடியில் கயிற்றில் கட்டிய கல்லை இழுக்கும் குதிரையை உதாரணம் காட்டியிருக்கிறார். அந்த இரண்டு விசைகளும் வெவ்வேறு பொருள்களின் மீது செயல்படுவதால் ஒன்றையொன்று அழிக்காது. வண்டியின் மீது மாட்டின் இழுப்பும் தரையின் உராய்வும் மட்டுமே. மாட்டின் மீது வண்டியின் இழுப்பும், குளம்பை முன்னோக்கித் தள்ளும் தரையும். தரை மாட்டைத் தள்ளுவது வண்டி பின்னிழுப்பதைவிட அதிகமானால் மாடு நகரும், சேற்றில் அது முடியாமல் வழுக்கும். எந்தக் கருவியும் இதற்குப் பதில் சொல்லாது. பலகையில் மாட்டையும் வண்டியையும் தனித்தனியாக வரைந்தே ஆக வேண்டும்.

கப்பியைத் தேர்ந்தெடுப்பவர்களுக்குச் சில வேலைக் குறிப்புகள். பருத்தி நூல் முறுக்கவிழ்ந்து டப்பாவைச் சுழற்றும், தூண்டிலுக்குப் போடும் நைலான் நரம்பு வாங்குங்கள். நாணயங்களை நம்பாதீர்கள், ஒரே மதிப்புள்ள நாணயமே வார்த்த ஆண்டைப் பொறுத்து நிறை மாறுகிறது. ஹார்டுவேர் கடையில் ஒரே பெட்டியிலிருந்து வாஷர் வாங்கி, 20 வாஷர்களைச் சேர்த்து மளிகைக் கடைத் தராசில் நிறுத்து 20ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். கைவிரலால் ஸ்டாப்வாட்ச் அழுத்தும்போது 0.2 நொடி எளிதில் தவறும். 2 நொடி ஓட்டத்தில் அது முடுக்கத்தில் ஏறத்தாழ 20 சதவீதப் பிழை. இங்கே கைப்பேசியைத் துணைக்கு அழைக்கலாம். ஃபைஃபாக்ஸில் ஒலியால் இயங்கும் ஸ்டாப்வாட்ச் உண்டு, முதல் சத்தத்தில் ஓடத் தொடங்கி அடுத்த சத்தத்தில் நிற்கும். டப்பாவைத் தாங்கியிருக்கும் மரப்பட்டையைச் சுளீரென்று தட்டி விலக்குவது முதல் சத்தம், கீழே வைத்த எவர்சில்வர் தட்டில் டப்பா விழுவது இரண்டாவது. வகுப்பு மட்டும் அந்த நான்கு நொடிக்கு மூச்சுக் காட்டாமல் இருக்க வேண்டும்.